உட்கார்ந்து பார்க்கவிடாத சோபா

ஆம்பூர்த் தோலின் மேல் ஆம்பூரில் யாரும் உட்கார்ந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது. நாங்கள் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவோம், மயிர் சுரண்டுவோம், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் பதம் செய்வோம், காயவைத்துக் கட்டு கட்டி ரயிலேற்றுவோம். அதுவும் பாதிப் பதம்தான். மீதிப் பதம் சீமையில். அங்கே அது பூட்ஸ் ஆனதா, பெட்டி ஆனதா, துரையின் மெத்தை ஆனதா என்று இங்கே ஒருவனும் கேட்டதில்லை. ஈரத் தோல் என்ன செய்யும் என்று கேளுங்கள், தொட்டியில் நிற்கிற எவனும் சொல்லுவான். ஒரு ஆள் இரண்டு மணி நேரம் வியர்த்துக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று கேட்டால் முதலாளிக்கே தெரியாது.

நான் அப்போது சுண்ணாம்புத் தொட்டியில் பதினோரு வருஷம் நின்று முடித்திருந்தேன். நின்று என்றால் நின்றுதான். காலையில் இறங்கினால் சாயங்காலம் ஏற வேண்டியது. கால் விரல் இடுக்கு வெந்து, கை முழுக்க வெடிப்பு. குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்தால் காரம் உச்சந்தலைக்கு ஏறும். என் மனைவி பிசைந்து உருட்டிக் கொடுப்பாள், உருண்டைக்கு ஒரு வசவோடு. எனக்கு இருந்தது ஒரே ஆசை. உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும். தையற்காரன் உட்காருகிறான். ஜட்கா ஓட்டுகிறவன் உட்காருகிறான். மாதா கோயில் வாசலில் பிச்சை கேட்கிறவன்கூட உட்கார்ந்துதான் கேட்கிறான். நான் மட்டும் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டம்?

அந்தச் சமயத்தில் எங்கள் தோல் ஷாப்பின் குமாஸ்தா அறையிலிருந்து காலொடிந்த நாற்காலி ஒன்றை விறகுக்கென்று வெளியே எறிந்தார்கள். நான் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒரு கால் புதிதாகச் செதுக்கினேன். கழித்துப்போட்ட தோலில் ஒரு துண்டு வாங்கி, அதிலேயே வார் அறுத்து, கட்டில் பின்னுகிற மாதிரி இழுத்துக் கட்டினேன். உள்ளே சுண்ணாம்பு போகக் கழுவிய ஆட்டு மயிர் அடைத்தேன். என் சகலை அரக்கோணத்தில் ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவனிடம் கொஞ்சம் பச்சைப் பெயிண்ட் வாங்கி அடித்தேன். பார்த்தவர்கள் கடையில் வாங்கியதா என்று கேட்டார்கள். என் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலி நன்றாகத்தான் இருக்கிறது, அதில் உட்காருகிற மூஞ்சிதான் வேறு வேண்டும் என்றாள்.

அந்த நாற்காலியின் பேர் பரவி, வாசகசாலை செக்ரெட்டரி காதுக்குப் போனது. அவர் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் புதிதாக ஒரு வாசகசாலை வைக்க ஐந்தாறு பேரைச் சேர்த்துக் கமிட்டி போட்டிருந்தார். வேலூரில் ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது வீட்டுச் சாமானை ஏலம் விட, இவர் போய் ஒரு சோபாவும் அதற்கு ஜோடியாக இரண்டு கைவைத்த நாற்காலியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எடுத்தபோது மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்ததாம். இவர் துணியை விலக்கிப் பார்க்கவில்லையாம். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் காகிதம் பார்த்தவர், சோபாவைப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து விலக்கினால் மூன்றிலும் தோல் கிழிந்து தொங்கியது.

அவர் எனக்குச் சொன்னது இதுதான். திறப்பு விழாவுக்குத் தாசில்தார் வருகிறார். அதற்குள் மூன்றையும் புதுசாக்கிக் காட்டு. கமிட்டிக்குப் பிடித்திருந்தால் வாசகசாலையின் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற வேலை உனக்கு. பின்னால் இருக்கிற அறையில் குடியிருந்துகொள்ளலாம். எங்கள் மேஸ்திரியிடம் போய் லீவு கேட்டேன். பதினைந்து நாள் கொடுத்தார். பதினாறாம் நாள் தொட்டியில் வேறு ஆள் நிற்பான் என்பதையும் சேர்த்தே சொன்னார். மனைவியிடம் வந்து சொன்னேன். தோல் ஷாப்புச் சாக்கடை ஓரத்தில் குடியிருந்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. வழக்கமாக என்னைத் திட்டுகிறவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

சோபாவைப் பிரித்தேன். உள்ளே ஒரு எலிக் குடும்பம், இரண்டு கொண்டை ஊசி, ஒரு சீப்பு, பொம்மையின் கண்ணாடிக் கண் ஒன்று. மரத்தைச் சுரண்டினால் வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே காவி, காவிக்குக் கீழே கறுப்பு, அதற்கும் கீழே ஊதா. ஒவ்வொரு துரையும் முந்தின துரையின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருந்தான். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க நாலு நாள் பிடித்தது. கடைசியில் வந்தது நல்ல தேக்கு. அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது அந்த அறிவு இல்லை. பெயிண்ட் அடித்தால்தான் புதுசு என்று நினைத்தேன்.

ஸ்பிரிங் என்கிற சாமானை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் ஸ்பிரிங்கை அமுக்கிக் கயிற்றால் கட்டும்போது கை நழுவி அது என் தாடையில் அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் கஞ்சி குடித்தேன். இருபத்திரண்டு ஸ்பிரிங். ஒவ்வொன்றையும் அதன் அம்மாவைச் சொல்லித் திட்டித்தான் கட்டினேன்.

சகலை அரக்கோணத்திலிருந்து துண்டில் சுற்றி ஒரு டின் பச்சைப் பெயிண்டும், ரயில் பெட்டியில் எழுத்து எழுதுகிற தங்க நிறப் பெயிண்ட் கொஞ்சமும் கொண்டுவந்தான். பச்சையை அடித்தேன். காயவில்லை. ஒரு நாள் ஆயிற்று, இரண்டு நாள் ஆயிற்று, விரல் வைத்தால் ஒட்டியது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று கைப்பிடியில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறகை விட்டுவிட்டுப் போனது. சகலையிடம் கேட்டால், ரயிலில் அடித்தால் ஓடுகிற காற்றில் காய்ந்துவிடும், உன் சோபா ஓடவில்லை, நான் என்ன செய்வது என்றான். ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு நானும் அவனும் மாறி மாறி விசிறினோம். காய்ந்த பிறகு தூரத்தில் நின்று பார்த்தேன். அசல் மூன்றாம் வகுப்புப் பெஞ்சு.

இனி ஆணி விஷயம். இதுதான் என் தப்பு, வேறு யார் தப்பும் இல்லை.

வீட்டு நாற்காலியில் ஆணியே இல்லை, வாரால் கட்டியது. சோபாவுக்கு எங்கள் ஷாப்புத் தோலையே செக்ரெட்டரி வாங்கிக் கொடுத்திருந்தார், ஆனால் வார்க்கட்டு அதற்கு நடக்காது. துரைமார் சோபாவில் தோலை இழுத்து ஆணி அடித்து, உட்காருகிற இடத்திலும் கட்டம் கட்டமாகக் குண்டு ஆணி பதித்து அடியில் முனையை மடக்கியிருப்பார்கள். செக்ரெட்டரிக்கு அதேபோல வேண்டும், பளபளவென்று வேண்டும். பித்தளை ஆணிக்கு வேலூர் பஜாரில் சொல்லி வைத்தால் மாதம் ஆகும் என்றார்கள். நான் செருப்புத் தைக்கிறவரிடம் இரும்பு ஆணி வாங்கி, தலைக்கெல்லாம் சகலையின் தங்கப் பெயிண்ட் வைத்து அடித்துவிட்டேன்.

இரும்பு பட்டால் தோல் கறுக்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை. வாளியின் வளையம் பட்ட இடம் கறுக்கும், கத்தியை மறந்து வைத்த இடம் கறுக்கும், அதற்காக மேஸ்திரியிடம் அடியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது ஈரத் தோல். இது காய்ந்த தோல், போதாததற்கு ஆணி மேலே பெயிண்ட். அப்படித்தான் என் மூளை கணக்குப் போட்டது. சோபாவில் உட்காருகிறவனுக்கும் வியர்க்கும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. நான் பார்த்த வரைக்கும் வியர்ப்பது நிற்கிறவனுக்குத்தான்.

விழாவுக்கு முந்தின நாள் சோபாவை வாசகசாலையில் இறக்கி வைத்தோம். வேலை முடிந்தது. ஸ்பிரிங் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா? நான் உட்கார்ந்தேன். முதுகு சாயக்கூட இல்லை, செக்ரெட்டரி உள்ளே வந்துவிட்டார்.

"எழுந்திருடா. உன் இடுப்புத் துணி அழுக்கு சோபாவுல ஒட்டிக்கினா தாசில்தார் எங்க உக்காருவாரு?"

உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும் என்றேன். உட்கார்ந்து பார்க்க உட்காரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். ஆனால் அவரும் உட்காரவில்லை, புதுசு கலையக்கூடாதாம். எனக்குக் கண் சிவந்தது. பின் அறைக்கு மனைவி அப்போதே விளக்குமாறு கொண்டுவந்து வைத்திருந்தாள். அந்த விளக்குமாற்றைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

இன்றைக்கும் சொல்லுகிறேன், அன்று என்னை அரை மணி நேரம் உட்கார விட்டிருந்தால் போதும். என்ன நடக்கும் என்பது என் வேட்டியோடு தெரிந்து, என் வேட்டியோடு முடிந்திருக்கும்.

போகும்போது செக்ரெட்டரி, தோல் மங்கலாக இருக்கிறது, ஏதாவது செய் என்றார். செய்தேன். தோல் ஷாப்பில் கடைசியாகக் கொடுப்பது கடுக்காய்த் தண்ணீர். அதைக் கெட்டியாகக் காய்ச்சி, மூன்றின் மேலும் இரண்டு தடவை பூசித் துடைத்தேன். நல்ல நிறம் கொடுத்தது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் என்ன வரும் என்று திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவனெல்லாம் சொல்லுவான். மை வரும். கடுக்காயை இடித்து, அன்னபேதி என்கிற இரும்பு உப்பைப் போட்டுத்தான் அந்தக் காலத்தில் எழுதுகிற மை காய்ச்சுவார்கள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துக் கூட்டப் படித்ததெல்லாம் பிற்பாடுதான்.

மறுநாள் சித்திரை வெயில். ஆம்பூரில் சித்திரை வெயில் என்றால் விளக்கம் வேண்டாம். தாசில்தார் வந்தார். சோபாவில் நடுவில் அவர், ஒரு பக்கம் செக்ரெட்டரி, மறுபக்கம் வயசான வக்கீல் ஒருவர். இரண்டு நாற்காலியிலும் கமிட்டிக்காரர் இரண்டு பேர். ஐந்து பேருக்கும் சலவை வேட்டி, கஞ்சி போட்டது. ஊர் ஜனம் எதிரே பாயில். நாங்கள் கொஞ்சம் பேர் சுவர் ஓரமாக நின்றோம். பெண்கள் ஜன்னலுக்கு வெளியே. என் மனைவி அங்கேதான் இருந்தாள்.

வரவேற்பு படித்தார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்தபடியே புத்தகத்தின் பெருமையைப் பேசினார், புத்தகம் படித்தால் எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். வியர்வை ஐந்து பேருக்கும் ஊற்றியது. பிறகு தாசில்தார் பேச எழுந்தார். ஜனத்தைப் பார்த்து நின்றார். அவருடைய பின்பக்கம் சோபாவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. சுவர் ஓரம் நின்ற எங்களுக்கும் தெரிந்தது.

வெள்ளை வேட்டியில் கன்னங்கரேலென்று புள்ளி. கட்டம் தவறாமல், வரிசை தவறாமல், நான் அடித்த அத்தனை ஆணியும். தாயக்கட்டையைப் பெரிசாக்கிப் பதித்த மாதிரி இருந்தது.

செக்ரெட்டரியின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் மெதுவாகக் கையைத் தன் கீழே விட்டு எடுத்து, விரலைப் பார்த்தார். விரல் கறுப்பு. வக்கீலும் அப்படியே கை விட்டு எடுத்தார். நாற்காலிக்காரர் இரண்டு பேரும் எடுத்தார்கள். நாலு பேர் நாலு விரலை வைத்துக்கொண்டு தாசில்தாரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்வியே கண் என்று தாசில்தார் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே யாரோ பொங்கி வந்த சிரிப்பைத் துணியில் அடக்கினார்கள். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது.

தாசில்தார் பேசி முடித்து உட்கார்ந்தார். செக்ரெட்டரி அவர் காதில் ஏதோ சொன்னார். தாசில்தாரும் கை விட்டு எடுத்தார்.

அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. நன்றி சொல்ல வேண்டிய செக்ரெட்டரி உட்கார்ந்தே சொன்னார். ஜனம் எழுந்து வெளியே போய் நின்றது. வாசலில் பாண்டுக்காரர்கள் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, பெரிய மனுஷர்கள் ஏதோ ரகசியம் பேசுகிறார்கள் என்று நினைத்து நிறுத்திக்கொண்டார்கள். ஐந்து பேரும் மூன்று இருக்கையில் சிலை மாதிரி இருந்தார்கள். வெளியே ஜட்கா நின்றது. ஜட்காவுக்கும் சோபாவுக்கும் நடுவே ஒரு கடைத்தெரு ஜனம் நின்றது.

செக்ரெட்டரி என்னை விரலால் கூப்பிட்டார். கறுத்த விரல்.

"இன்னாடா பண்ணி வெச்சிருக்கே?"

உள்ளதைச் சொன்னேன். ஆணி இரும்பு, மேலே தங்கப் பெயிண்ட், கடுக்காய்த் தண்ணீர், வியர்வை. எல்லாம் சேர்ந்து மை ஆகிவிட்டது என்றேன். வாசகசாலைக்கு மை காய்ச்சினாயா என்று வக்கீல் கேட்டார். அவர் நிஜமாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"இது போவுமா, போவாதா? அத்தச் சொல்லு."

"போவும். காயறதுக்குள்ள பண்ணணும்."

"இன்னா பண்ணணும்?"

அந்த இடத்தில் நான் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். தொட்டிக்காரன் எவனுக்கும் தெரிந்த மருந்துதான். சொல்லியிருந்தால் தாசில்தார் சமாதானமாகியிருப்பார், வேலைகூடக் கிடைத்திருக்கும். பின் அறையும், விளக்குமாறும், உட்கார்ந்து செய்கிற பிழைப்பும் என் வாயிலிருந்து ஒரு சொல் தூரத்தில் இருந்தன. ஆனால் முந்தின நாள் அவர் எழுந்திருடா என்றது எனக்கு மறக்கவில்லை. காலையிலிருந்து நின்று நின்று என் காலும் கடுத்தது.

"உக்காந்து சொல்றேங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பாயைக் காட்டினார். பாய் வேண்டாம் என்றேன். சோபாவில் உட்கார்ந்துதான் வரும், நின்றால் எனக்கு ஞாபகம் வரவில்லை என்றேன்.

சோபாவில் மூன்று பேருக்குத்தான் இடம். மூன்று பேரும் இருந்தார்கள். நான் உட்கார வேண்டுமானால் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். தாசில்தாரை எழுப்ப முடியாது. வக்கீலுக்கு எழுபது வயது. செக்ரெட்டரி சுற்றிப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. தாசில்தார் மட்டும், சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

செக்ரெட்டரி எழுந்தார். மேஜையிலிருந்து அன்றைக்கு வந்த பத்திரிகையை எடுத்துப் பின்னால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து போய்ச் சுவரில் ஒட்டி நின்றார். அந்த வாசகசாலையில் பத்திரிகை முதலில் பயன்பட்டது அதற்குத்தான்.

நான் உட்கார்ந்தேன். தாசில்தாருக்குப் பக்கத்தில், நன்றாகச் சாய்ந்து. ஸ்பிரிங் அமுங்கி என்னைத் தாங்கியது. இருபத்திரண்டும் ஒழுங்காக இருந்தன. பதினோரு வருஷம் நான் சுரண்டிய தோல் இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவசரப்படாமல் ஆரம்பித்தேன். பச்சைத் தோல் சந்தையிலிருந்து எப்படி வரும் என்பதிலிருந்து சொன்னேன். உப்பு போக எத்தனை நாள் ஊறும், சுண்ணாம்பு எத்தனை நாள், மயிர் எந்தப் பக்கமாகச் சுரண்டுவது, ஆவாரம்பட்டையை எந்த மாதத்தில் உரித்தால் சத்து ஜாஸ்தி, எல்லாவற்றையும் சொன்னேன். தாசில்தார் முதலில் பல்லைக் கடித்தார், பிறகு பட்டை எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டார். செக்ரெட்டரி சுவரில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் எலுமிச்சம்பழத்துக்கு வந்தேன்.

"இத்தச் சொல்லவா இம்மாம் நேரம்" என்று ஜன்னலிலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. அவள் அதற்குள் போய் மடி நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நின்றிருந்தாள். கறை போக்க அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, என் துணியைத் துவைக்கிறவள் அவள்தான்.

பின் அறையில் ஐந்து பேரும் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்க, நான் எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து ஐந்து வேட்டியையும் தேய்த்தேன். கை வெடிப்பில் சாறு இறங்கியபோது கண்ணில் தண்ணீர் வந்தது. கறை போயிற்று. மஞ்சளாக ஒரு நிழல் மட்டும் நின்றது, நடந்தால் தெரியாது. ஜன்னல் பக்கம் வேட்டிகளைக் காயப்போடும்போது மனைவி எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"புள்ளி வெச்சதே வெச்சே, கோடு யாருய்யா இழுக்கறது? அதையும் இழுத்துட்டிருந்தா கோலமாயிருக்குமே."

வேட்டி கட்டிக்கொண்டவுடன் செக்ரெட்டரிக்குக் குரல் திரும்பி வந்தது. இந்தப் பக்கம் தலை காட்டாதே என்றார். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நானும் சில வார்த்தை சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. மனைவி விளக்குமாற்றை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். வழியில் அவள் ஒன்றும் திட்டவில்லை. பதினைந்து நாளில் இது இரண்டாவது தடவை.

விழா நடந்ததே பதினாறாம் நாள், மறுநாள் போனால் மேஸ்திரி சொன்ன மாதிரியே தொட்டியில் வேறு ஆள் நின்றான். இரண்டு நாள் வீட்டில் அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்து செய்ய ஒன்றும் இல்லாமல் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அந்த வயசான வக்கீல் இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். பேத்தி கல்யாணம் வருகிறது, வீட்டில் ஆறு நாற்காலியும் ஒரு சாய்வு நாற்காலியும் கிழிந்து கிடக்கின்றன, அன்றைக்குச் சோபா உடம்புக்கு இதமாகத்தான் இருந்தது, ஆணியைத் தவிர, என்றார்.

"பித்தளை ஆணி நானே வரவழைச்சுக் குடுத்துட்றேன். வந்து பண்றியா?"

"பண்றேங்க. ஆனா முடிஞ்சதும் நான் உக்காந்து பாத்துட்டுத்தான் குடுப்பேன்."



"நீ உக்காந்து பாக்காம எவன் உக்காருவான்?" என்றார்.